பழைய கூப்பு ரோட்டில் குழுவாக ஒரு நாள் நடை: கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி இதுதான். 16 பேர் கொண்ட குழு, அதில் பாதிப்பேர் காட்டுக்குள் நடப்பது இதுதான் முதல் தடவை. மரம் வெட்டி இறக்குவதற்காக எப்போதோ போட்டு, இப்போது வண்டி ஓடாமல் விட்டுவிட்ட ஒரு கூப்பு ரோட்டில் 9 கிலோமீட்டர் உள்ளே போய், வெட்டிய மரத்தை அடுக்கி வைத்திருந்த பழைய திடலைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து வேறொரு கிளைப்பாதையில் வட்டமடித்துக் கீழே வர வேண்டும். "லாரி போன ரோடுதானே, ஏற்றமும் பெரிதாக இல்லை, இதற்குத் தனியாக என்ன தயாரிப்பு வேண்டும்?"

போகலாம். புதியவர்களை அழைத்துப் போக உண்மையிலேயே நல்ல தேர்வுதான். ஆனால் இரண்டு விஷயங்களை மாற்றுங்கள்: வட்டமடிக்க வேண்டாம், போன வழியிலேயே திரும்புங்கள், 16 பேரை எட்டு எட்டாக இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஏன் என்று சொல்வதற்கு அந்த ரோடு எதற்காக, எப்படிப் போடப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பாதைகளில் வரும் சிக்கல்கள் அநேகமாக எல்லாமே அங்கிருந்துதான் வருகின்றன.

சாதாரண மலைப்பாதை ஆட்கள் நடந்து நடந்து உண்டானது. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கோ, கோயிலுக்கோ, மேய்ச்சல் நிலத்துக்கோ போகும். மரம் இறக்கப் போட்ட பாதைக்கு அப்படி ஒரு போகுமிடம் கிடையாது. மரம் எங்கே நின்றதோ அதுவரை போகும், மரம் தீர்ந்த இடத்தில் நின்றுவிடும். சில வருடங்கள் தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டு, கையில் கிடைத்த மண்ணையும் கட்டையையும் வைத்து மலிவாகப் போட்டது. ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் அடைப்பெடுக்கவும் பள்ளம் தூர்க்கவும் ஆள் இருந்தார்கள், வேலை முடிந்ததும் அதுவும் நின்றது. அப்படி நின்று எத்தனை வருடமாகிறது என்பதை முதலில் விசாரியுங்கள். பத்து வருடம் கைவிடப்பட்ட ரோடும் ஐம்பது வருடம் கைவிடப்பட்ட ரோடும் வேறு வேறு விஷயங்கள்.

அடுத்து, அது எந்த வகைப் பாதை என்று கண்டுபிடியுங்கள். மாடோ யானையோ கட்டையை இழுத்துப் போன தடமா, ரயில் அல்லது டிராம் ஓடிய பாதையா, லாரி ரோடா? மூன்றும் ஒரே காட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக்கூட இருக்கும். இழுப்புத் தடம் என்றால் செங்குத்தாக, நேராக இறங்கும், ஏனென்றால் கட்டை கீழ்நோக்கி வந்தால் போதும், வளைவு எதற்கு? ஆனைமலையில் இன்று டாப்ஸ்லிப் என்று சொல்லும் இடத்துக்கு அந்தப் பெயர் வந்ததே மலை உச்சியிலிருந்து தேக்குத் தடிகளைச் சரிவில் வழுக்கி விட்டதால்தான். இப்படிப்பட்ட தடங்களில் பல வருட மழை ஓடி, இப்போது பாதி ஓடையாகவே மாறியிருக்கும். ஏறலாம், ஆனால் ஈரத்தில் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவது நல்லதில்லை.

ரயில் பாதை என்றால் ஏற்றம் மிக மெதுவாக இருக்கும். சாதாரண எஞ்சின் நூறு மீட்டருக்கு மூன்று நான்கு மீட்டருக்கு மேல் ஏறவே திணறும். அதனால்தான் மரம் இறக்கும் ரயில்களுக்கென்று, எல்லாச் சக்கரத்துக்கும் பல்சக்கரம் வழியாக விசை போகும் தனி எஞ்சின்களைச் செய்தார்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் எஃப்ரேம் ஷே என்பவர் 1881-ல் காப்புரிமை பெற்ற ஷே எஞ்சின் அதில் பேர்போனது. தைவானின் அலிஷான் மலை ரயிலிலும் அதுதான் ஓடியது. ஜப்பானியர் ஆட்சியில் மலைமேல் இருந்த சைப்ரஸ் மரங்களை இறக்கப் போட்டு 1912-ல் திறந்த அந்தப் பாதை, கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,200 மீட்டருக்கு மேல் போகிறது. ஒரு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி, அதற்கும் மேலே ரயில் முன்னும் பின்னுமாகப் போகும் இசட் வடிவத் திருப்பங்களில் உயரம் பிடிக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த இசட் திருப்பம் தண்டவாளம் எடுக்கப்பட்ட பிறகு நடப்பவர்களை ஏமாற்றும். ரயில் முழுதாக நின்று திசை மாற இடம் வேண்டும் என்பதால், திருப்பத்தைத் தாண்டி ஐம்பது, நூறு மீட்டர் பாதை நேராகப் போய் முட்டி நிற்கும். உண்மையான பாதை உங்களுக்குப் பின்னால், கூர்மையான கோணத்தில் மேலே ஏறிக்கொண்டிருக்கும். நல்ல அகலமான பாதை திடீரென்று ஒரு மண்மேட்டில் முடிந்தால் புதருக்குள் வழி தேடாதீர்கள், திரும்பி வந்து பின்பக்கம் பாருங்கள்.

இன்னொன்று, சரிவுப் பாதை. பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிவரை 1907 முதல் 1963 வரை ஓடிய கொச்சி சமஸ்தானத்தின் வன டிராம்வே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளம். அதில் சில இடங்களில் எஞ்சினே கிடையாது, மரம் ஏற்றிய வண்டி கம்பிவடத்தில் கீழே இறங்க, அதன் எடையே காலி வண்டியை மேலே இழுத்தது. இந்த மாதிரிப் பாதையில் நடந்தால், மணிக்கணக்காகச் சமமாகப் போய்க்கொண்டிருந்த தடம் சட்டென்று நேர் செங்குத்தாக விழும். அது பாதை தவறியதற்கான அடையாளம் இல்லை, பாதையே அப்படித்தான். ஆனால் உங்கள் நேரக் கணக்கில் அந்த இடம் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

உங்களுடையது லாரி ரோடு என்பதால் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். சரிவான மலையில் ரோடு போடும்போது உள்பக்கம் மலையை வெட்டி, அந்த மண்ணை வெளிப்பக்கம் தள்ளி அகலம் உண்டாக்குவார்கள். பல பழைய ரோடுகளில் அந்த மண்ணோடு வெட்டிய கிளைகள், வேர்க்கட்டைகள், அடிமரங்கள் எல்லாமே சேர்ந்து தள்ளப்பட்டிருக்கும். அவை உள்ளே மக்கிப்போகும்போது வெளி ஓரம் மெல்ல அமுங்கும். மேலே புல் முளைத்து அழகாகத்தான் இருக்கும். ரோட்டின் வெளிப் பாதியில், விளிம்புக்கு இணையாக, பிறை வடிவில் ஒரு விரிசல் ஓடுகிறதென்றால் அந்தப் பாதி கிளம்பத் தயாராக இருக்கிறது. அங்கே எல்லோரும் உள்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிகிறது என்று குழு வெளிவிளிம்பில் வரிசையாக நின்று படம் எடுப்பதுதான் நான் எப்போதும் தடுக்கும் ஒரு காரியம். கனமழை பெய்துகொண்டிருந்தால் மட்டும் கணக்கு வேறு, உள்பக்கம் வெட்டிய சுவரிலிருந்து மண்ணும் கல்லும் விழும், அங்கே நிற்காமல் கடந்துவிட வேண்டும்.

இதைவிட மோசமானது ஓடையைத் தாண்டும் இடம். சிமெண்ட் குழாய் வைத்திருந்தால் பரவாயில்லை, அடைத்துக்கொண்டு தண்ணீர் ரோட்டின் மேலே ஓடி அரித்திருக்கும், அது கண்ணுக்குத் தெரியும். பழைய நாளில் பல இடங்களில் குழாய்க்குச் செலவு செய்யாமல் ஓடைக்குள்ளேயே பெரிய கட்டைகளை நீளவாக்கில் போட்டு, மேலே மண்ணைக் கொட்டி ரோட்டை ஓட்டிவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காடுகளில் இது நிறைய, அங்கே இதற்கு ஹம்போல்ட் கிராஸிங் என்றே பெயர். கட்டை மக்கி, தண்ணீர் மண்ணை அடியிலிருந்து கொண்டுபோய், உள்ளே வெறும் கூடாகிவிடும், மேலே ரோடு மட்டும் முழுசாக இருக்கும். அடையாளம், ரோட்டின் நடுவில் காரணமில்லாமல் ஒரு வட்டக் குழி, அல்லது காலடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும் ஆனால் தண்ணீர் கண்ணில் படாது. குழியைக் குனிந்து பார்க்கக் கூட்டமாகப் போகாதீர்கள். கொஞ்சம் மேல்பக்கமாக ஏறி, ரோடு இல்லாத இடத்தில் ஓடையைத் தாண்டுங்கள்.

மரப்பாலம் மிச்சம் இருந்தால்? என் பதில் எப்போதும் ஒன்றுதான், ஏறாதீர்கள். மேல் பலகை நன்றாக இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதால் பயனில்லை, எடையைத் தாங்குவது கீழே இருக்கும் உத்தரங்கள், அவை உள்ளுக்குள் மக்குவது வெளியே தெரியாது. கீழே இறங்கி ஓடையைத் தாண்டி மறுபடி ஏறுங்கள். தாண்டும் இடம் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கட்டும், குறுகலான இடத்தில் தண்ணீருக்கு வேகம் அதிகம். வேகமாக ஓடும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் புதியவர்களோடு தாண்ட வேண்டாம், அன்றைய நடை அங்கேயே முடிந்தது. தாண்டும்போது பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். காலையில் கணுக்கால் நனைந்த ஓடை, மேலே எங்கோ மதியம் மழை பெய்தால் மாலையில் வேறு ஓடையாக இருக்கும். போகும்போதே இதை மனதில் வைத்துத்தான் "இதை நாம் திரும்பவும் தாண்ட வேண்டும்" என்று யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

குழுவைப் பிரிக்கச் சொன்னதும் இதனால்தான். ஒருவர் செருப்பு மாற்றி, கைபிடித்து, தாண்டி மறுபக்கம் ஏற 2 நிமிடம் என்று வையுங்கள். 16 பேருக்கு 32 நிமிடம். இரண்டு ஓடை, போகவர நான்கு தடவை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடைக்கரையில் நின்றே போய்விடும். எட்டு எட்டாக, அரை மணி இடைவெளியில் போனால் ஒவ்வொரு குழுவுக்கும் அது பாதியாகும்.

இனி கிளைப்பாதை. பழைய கூப்பு ரோட்டில் ஆட்கள் வழி தவறுவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் திரும்பி வரும்போது. முதன்மை ரோட்டிலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறு கிளை என்று வெட்டிக்கொண்டே போயிருப்பார்கள். எதிரே பிரியும் கிளை நன்றாகத் தெரியும், அதைப் பற்றிக் கவலை இல்லை. பின்பக்கத்திலிருந்து கூர்கோணத்தில் வந்து உங்கள் ரோட்டோடு சேரும் கிளையை யாரும் கவனிக்க மாட்டார்கள், அது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பி வரும்போது அதே இடம் இரண்டாகப் பிரியும் கவையாக முன்னால் நிற்கும், இரண்டுமே ஒரே அகலம், இரண்டுமே கீழே இறங்கும். பேசிக்கொண்டே முன்னால் போன நாலு பேர் ஒன்றில் போய்விடுவார்கள், கடைசியில் வருகிறவர்கள் இன்னொன்றில்.

அதனால் போகும்போதே ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று, திரும்பி, வரும்போது அந்த இடம் எப்படித் தெரியும் என்று பாருங்கள். திரும்பிய திசையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நேரம் தானாகவே அதில் பதிவாகும். ஜிபிஎஸ் தடத்தை ஓடவிட்டு, வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்து, போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். சிக்னல் இல்லாத காட்டில் போன் சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் போதாது, ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேரிடம் தடம் இருக்க வேண்டும். கிளையில் கற்களை அடுக்கி அடையாளம் வைக்கலாம், திரும்பும்போது கலைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருபவரை உங்கள் அடையாளம் குழப்பும்.

வட்டமடிப்பதை நான் வேண்டாம் என்பதும் இந்தக் கிளைகளால்தான். வரைபடத்தில் ஒரு கிளையின் முனையும் அடுத்த கிளையின் முனையும் 300 மீட்டர் தூரத்தில் இருக்கும், நடுவில் ஒரு கோடு போட்டால் அழகான வட்டம் வந்துவிடும். ஆனால் அந்த இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று சேருவதற்காகப் போட்டவை இல்லையே. இரண்டும் ஒரே சரிவின் மேலிருந்தும் கீழிருந்தும் மரத்தை எட்டப் போட்டவை. நடுவில் இருப்பது மொட்டையாக வெட்டிவிட்டு விட்டுப்போன சரிவு, வெயில் பட்டதும் முள்ளும் கொடியும் இளமரமும் நெருக்கியடித்து வளர்ந்திருக்கும், அடியில் கிளைக்குவியல் புதைந்திருக்கும். அந்த 300 மீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அங்கே ஒருவருக்குக் கால் பிசகினால் தூக்கி வர வழியில்லை. இணைப்பு இருக்கிறது என்று அந்த வருடத்தில் நடந்த ஒருவர் நேரில் சொன்னால் ஒழிய, வரைபடத்தையோ செயற்கைக்கோள் படத்தையோ மட்டும் பார்த்து 16 பேரைக் கூட்டிப்போக வேண்டாம்.

நீங்கள் போகும் திடலும் ஒரு பெரிய சந்திப்புதான் என்பதை மறக்க வேண்டாம். நாலா பக்கமிருந்தும் கட்டையை இழுத்து வந்து லாரியில் ஏற்றிய இடம் அது, ஏழெட்டுத் தடங்கள் அங்கே வந்து முடியும். சாப்பிட்டு, கொஞ்சம் உட்கார்ந்து, எழுந்து திசை மறந்து வேறு தடத்தில் இறங்குவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும். திடலுக்குள் நுழைந்த வாயிலில் யாருடைய பையையாவது வைத்துவிட்டு உள்ளே போங்கள், வெளியே வருவது அந்தப் பை வழியாக மட்டும்.

குழுவை நடத்துவது பற்றி. அகலமான ரோட்டில் குழு தானாகவே நீளும், வேகமானவர்கள் முன்னால் பேச்சில் மூழ்கிப் போவார்கள், மெதுவானவர் பின்னால் தனியாக வருவார். ஒற்றையடிப் பாதையில் முன்னால் இருப்பவரைத் தாண்ட முடியாது, அதனாலேயே குழு ஒன்றாக இருக்கும், இங்கே அந்தக் கட்டுப்பாடு கிடையாது. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று பெயர் சொல்லி நியமியுங்கள். முன்னால் இருப்பவரை யாரும் தாண்டக் கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, ஒதுங்கப் போகிறவர் கடைசி ஆளிடம் சொல்லிவிட்டுப் பையை ரோட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கடைசி ஆளாகப் போடுவது குழுவிலேயே அனுபவமும் பொறுமையும் அதிகம் உள்ளவரை. பலர் அனுபவசாலியை முன்னால் போட்டுவிட்டுப் பின்னால் யாரையோ விட்டுவிடுகிறார்கள், பிரச்சினை எல்லாம் பின்னால்தான் வரும்.

மெதுவாக நடப்பவரை முன்னால் நடப்பவருக்கு அடுத்து இரண்டாவது மூன்றாவது ஆளாக வையுங்கள். குழுவின் வேகம் அவருடைய வேகம்தான், அதை வெளிப்படையாகவே எல்லோரிடமும் சொல்லிவிடலாம். ஓய்வு எடுக்கும்போது நேரம் கணக்கிடத் தொடங்குவது கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகு. இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். முன்னால் வந்தவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கடைசியில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தவரைப் பார்த்து "சரி, கிளம்பலாமா?" என்று எழுந்தால், மிகவும் களைத்தவருக்கு மட்டும் ஓய்வே இல்லாமல் போகிறது. மதியத்துக்குமேல் அவர் தடுக்கி விழுவதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அப்புறம், சந்திப்புகளில் ஒரே விதி: பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை யாரும் சந்திப்பைத் தாண்டக் கூடாது.

நேரத்துக்கு வருவோம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி கூடுதல். உங்கள் 9 கிலோமீட்டருக்கு ஏற்றம் 450 மீட்டர் என்று வைத்தால் 2 மணி 33 நிமிடம் வரும். அது நன்றாக நடக்கும் ஒருவர் நிற்காமல் போகும் கணக்கு. புதியவர்கள் உள்ள குழுவுக்கு ஒன்றரை மடங்கு, 3 மணி 50 நிமிடம். எட்டுப் பேர் இரண்டு ஓடை தாண்ட அரை மணி, இரண்டு ஓய்வு, ஆக மேலே சேர 4 மணி 40 நிமிடம். அங்கே 50 நிமிடம். இறங்க மூன்றரை மணி. மொத்தம் 9 மணி நேரம். காலை 6:30-க்கு முதல் அடி எடுத்து வைத்தால் பிற்பகல் 3:30-க்கு வெளியே வருவீர்கள், ஏதாவது ஆனால் சமாளிக்க வெளிச்சம் மிச்சம் இருக்கும். 9 மணிக்குக் கிளம்பினால் எதுவும் தவறாமல் போனால்கூட மாலை 6. மரங்களுக்கு அடியில் வெளியைவிட முன்னாலேயே இருட்டிவிடும்.

திரும்பும் நேரம் என்று ஒன்றைக் கிளம்பும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். உதாரணமாக 11:45. அந்த நேரத்தில் திடலுக்கு இன்னும் அரைக் கிலோமீட்டர்தான் இருந்தாலும் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் நின்று பேசி முடிவெடுக்கலாம் என்று விட்டால் எல்லோரும் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்றுதான் சொல்வார்கள். வெளியே ஒருவரிடம் பாதை, ஆட்களின் பெயர், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கூப்பு ரோட்டில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு, அவசரம் என்றால் ஏதோ ஒரு இடம்வரை வண்டி வர முடியும். எந்த இடம்வரை என்பதைப் போகும்போதே குறித்து வையுங்கள். கேட் எங்கே இருக்கிறது, சாவி யாரிடம், எந்தப் பாலத்துக்கு அப்பால் வண்டி வராது. ஒருவருக்கு அடிபட்டால் அவரை மலையடிவாரம்வரை தூக்க வேண்டியதில்லை, அந்த இடம்வரை கொண்டுவந்தால் போதும். காட்டுக்குள் நுழைவதற்கான அனுமதியை வாங்கப் போகும்போதே இந்தக் கேள்விகளை அங்கேயே கேட்டுவிடலாம். கூடவே, அந்தப் பகுதியில் இப்போது எங்காவது மரம் வெட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். பாதி ரோடு கைவிடப்பட்டு மறுபாதியில் லாரி ஓடுவது சகஜம். சுமையேற்றி இறங்கும் லாரியால் வளைவில் சட்டென்று நிற்க முடியாது, சத்தம் கேட்டதுமே எல்லோரும் ஒரே பக்கமாக ரோட்டை விட்டு ஒதுங்க வேண்டும், பாதிப்பேர் இந்தப் பக்கம் பாதிப்பேர் அந்தப் பக்கம் என்று ஓடக் கூடாது.

கொண்டுபோகும் பொருள்களில் நான் விட்டுக்கொடுக்காதவை: பகல் நடையாக இருந்தாலும் ஆளுக்கொரு தலை டார்ச், ஆளுக்கொரு விசில், மழைச் சட்டை, இரண்டு முதல் மூன்று லிட்டர் தண்ணீர். பருத்தி உடை நனைந்தால் காயாது, உயரத்தில் காற்றடித்தால் நடுக்கம் பிடிக்கும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். விசிலுக்குப் பொதுவான ஆபத்து அழைப்பு, ஒரு நிமிடத்தில் ஆறு தடவை, பிறகு ஒரு நிமிடம் மௌனம், மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று. இதைக் கிளம்பும் இடத்திலேயே எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். ஓடைத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்க வேண்டாம், மேலே விலங்குகள் இருக்கின்றன. ஒரு நிமிடம் கொதிக்க வைத்தால் போதும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்.

கால்களைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. லாரி ரோடு இறுகிய சரளை, ஒரே மாதிரி அடியை ஆயிரக்கணக்கான தடவை வைக்க வைக்கும், பாதத்தின் ஒரே இடம் உரசும். மேடுபள்ளமான பாதையைவிட இதில்தான் கொப்புளம் சீக்கிரம் வருகிறது என்பது என் அபிப்பிராயம். முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை குழுவை நிறுத்தி "யாருக்காவது காலில் எங்காவது சூடாக உணர்கிறதா?" என்று கேளுங்கள், அந்த நிலையிலேயே டேப் ஒட்டிவிட்டால் பிரச்சினை அங்கே முடிந்தது. புதியவர்கள் கூச்சத்தால் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, ரோட்டை மூடும்போது தண்ணீர் திரும்பிவிட வேண்டும் என்று குறுக்கே சாய்வாக வெட்டிய வாய்க்கால்கள் இருக்கும், புல் மூடி வெளியே தெரியாது, இறங்கும்போது கணுக்கால் பிசகுவது இவற்றில்தான். முன்னால் போகிறவர் ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போகட்டும்.

பெரிய விலங்குகளுக்கும் நடக்க வசதியான வழிதான் பிடிக்கும், பழைய ரோட்டை அவை தினமும் பயன்படுத்தும். யானை, கரடி உள்ள காடு என்றால் அந்தக் காட்டை அறிந்த உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகவே வேண்டாம். பார்வை மறையும் வளைவுகளுக்கு முன் நின்று, கேட்டு, பிறகு போங்கள். புதுச் சாணம் கண்டால் என்ன செய்வது என்பதை வழிகாட்டி முடிவு செய்யட்டும். ஓய்வுக்கு உட்காரும் முன் தலைக்கு மேல் பாருங்கள், பட்டுப்போன மரம், தொங்கும் கிளை இருந்தால் வேறு இடம். திடலில் கிடக்கும் பழைய கம்பிவடம், ஆணி, துருப்பிடித்த இரும்பு எதையும் இழுக்கவோ எடுத்துவரவோ வேண்டாம், டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமானது என்று ஒவ்வொருவரும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

காய்ந்த மாதங்களில் தீ. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் நடைப்பயணம் போன குழுவினரில் 20-க்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் இறந்ததை நாம் யாரும் மறக்க முடியாது. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், மனிதனால் அதற்கு முன்னால் ஓடி ஏற முடியாது. புகை வாசனை வந்தால், எங்கோ தூரத்தில் என்று தோன்றினாலும், நடையை நிறுத்தி ரோட்டிலேயே இறங்குங்கள், குறுக்கு வழியாகப் புல்சரிவில் இறங்காதீர்கள். தீ எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் கிளம்பவே வேண்டாம்.

இவ்வளவும் சொன்னேன் என்பதற்காக இது பயமுறுத்தும் நடை என்று நினைக்காதீர்கள். நிதானமாகப் போனால் இந்த ரோடுகள் அளவுக்கு ஒரு காட்டின் கதையைக் காட்டும் பாதை வேறில்லை. அடிமரங்களைப் பாருங்கள். சில நாடுகளில் பெரிய அடிமரங்களில் ஆள் உயரத்தில் வாய்போல ஒரு வெட்டு இருக்கும், மரத்தின் அடிப்பகுதி மிகவும் பருமன் என்பதால் அந்த வெட்டில் பலகையைச் செருகி, அதன்மேல் நின்று அறுத்தார்கள். மக்கிய அடிமரத்தின் மேலேயே புது மரம் முளைத்து, அதன் வேர்கள் கட்டையைக் கட்டிப்பிடித்து மண்ணுக்கு இறங்கியிருப்பதையும் பார்க்கலாம். ரோட்டின் இரு பக்கமும் ஒரே உயரம், ஒரே பருமனில் மரங்கள் நின்றால் அவை ஒரே காலத்தில் முளைத்தவை, ரோடு கைவிடப்பட்டு எவ்வளவு காலம் ஆனது என்பதை அவற்றை வைத்தே ஏறக்குறைய ஊகிக்கலாம். வரிசை பிசகாமல் ஒரே இனம் நின்றால் அது திரும்ப நட்ட காடு. எங்காவது ஒரு பள்ளத்தில் மட்டும், இழுத்து ஏற்ற முடியாது என்று விட்டுவிட்ட பெரிய மரங்கள் சில நிற்கும். அங்கே குழுவைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். வெட்டும் முன் அந்த மலை முழுவதும் எப்படி இருந்தது என்பதைப் புதியவர்களுக்கு அந்த இடத்தில் விளக்கத் தேவையே இருக்காது, அவர்களே பார்த்துவிடுவார்கள்.

கடைசியாக, எப்போது ரத்து செய்வது. முந்தைய இரண்டு நாள் கனமழை பெய்திருந்தால் அன்றைய வானம் தெளிவாக இருந்தாலும் தள்ளிப்போடுங்கள், ஓடை இறங்கியிருக்கும் ஆனால் ரோட்டோர மண் இன்னும் தண்ணீரைக் குடித்துக் கனத்திருக்கும். பலத்த காற்றடிக்கும் நாளிலும், அடித்த மறுநாளிலும் வேண்டாம். இடி கேட்டால் திடல் மாதிரியான திறந்த இடத்தில் நிற்காதீர்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருந்துதான் திறந்த இடத்துக்கு வர வேண்டும். நடைக்கு ஒரு வாரம் முன்பே நீங்களும் கடைசி ஆளாக வரப்போகிறவரும் சேர்ந்து ஒரு தடவை திடல்வரை போய் வந்துவிடுங்கள். எந்த ஓடையில் எவ்வளவு நேரம் ஆகும், எந்தச் சந்திப்பில் யாரை நிறுத்துவது என்பதெல்லாம் அந்த ஒரு நடையிலேயே தெரிந்துவிடும். மேலே நான் போட்ட நேரக் கணக்கையும் அப்போது உங்கள் ரோட்டுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளுங்கள்.